ஆழாக்கு என்றால் 200 கிராமா? யார் சொன்னது?

தராசுமுள்:
அதிரசக் குறிப்பில் பித்தளைப்படி ஐயா, "ஆழாக்கு என்றால் 200 கிராம், எந்தச் சாமானானாலும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்" என்று எழுதியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருப்பார் போல. எங்கள் வீட்டு ஆழாக்கில் தண்ணீர் 200 கிராம் பிடிக்கிறது. அதிலேயே பச்சரிசியைத் தலைதட்டி எடுத்தால் 168. மைதா 105தான்.

பித்தளைப்படி:
தலைதட்டச் சொன்னது யார்? எங்கள் பக்கம் அரிசியைக் கோபுரமாகத்தான் அளப்போம். தலைதட்டுவது கடைக்காரன் புத்தி. குவித்து அளந்து பாருங்கள், 200 வரும். நாற்பது வருடமாக அதிரசம் சுடுகிறேன், ஒன்றுகூட எண்ணெயில் கரைந்ததில்லை.

தராசுமுள்:
குவித்தால் மைதாவும் 200 ஆகிவிடுமா?

பித்தளைப்படி:
அதிரசத்தில் மைதா எங்கே வந்தது? அரிசி. குவித்து. 200.

தராசுமுள்:
"எந்தச் சாமானானாலும்" என்று எழுதியது நீங்கள்தானே ஐயா?

காவேரிக்கரை:
8 ஆழாக்கு ஒரு படி, சரி. அந்தப் படியே ஊருக்கு ஊர் வேறு. அம்மா வீட்டு ஆழாக்கையும் மாமியார் வீட்டு ஆழாக்கையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விரற்கடை வித்தியாசம். மெட்ரிக் அளவுக்கு 1956லேயே சட்டம் வந்தாயிற்று, மில்லியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? கப் என்று எழுதுகிறவர்களும் இதே கதைதான். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, கேக் செய்கிறவர்களின் கப் 240.

பித்தளைப்படி:
போன தீபாவளிக்கு என் முறுக்கு கரிக்கிறது என்று எழுதிய காவேரிக்கரைதானே? மறக்கவில்லை.

காவேரிக்கரை:
நான்தான். கரித்தது. கல்லுப்பில் ஒரு ஸ்பூனும் தூளுப்பில் ஒரு ஸ்பூனும் ஒரே எடையா? எந்த உப்பு என்று நீங்கள் எழுதவே இல்லை.

பித்தளைப்படி:
முறுக்குக்குக் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவது தெரியாதவர்களுக்கெல்லாம் குறிப்பு எழுத முடியாது.

எட்டிப்பார்த்தவன்:
இட்லிக்கு நாலுக்கு ஒன்று, ஆழாக்கோ டம்ளரோ எதில் அளந்தாலும் வருகிறது. இதற்கு ஏன் இத்தனை சண்டை?

தராசுமுள்:
இட்லிக்கு இரண்டையும் ஒரே பாத்திரத்தில் அளக்கிறீர்கள், அதனால் தப்பிக்கிறீர்கள். ஐயா அரிசியை ஆழாக்கிலும் வெல்லத்தைக் கிராமிலும் சொல்கிறார். அங்கே முப்பது கிராம் பிசகினால் பாகு அதிகமாகி அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும். இன்னொன்று, அவர் போட்ட படத்தில் அரிசி கிண்ணத்தோடு தராசில் இருக்கிறது. முதலில் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கினீர்களா ஐயா?

பித்தளைப்படி:
ஊறவைத்து இடித்த ஈரமாவில் தண்ணீர் எவ்வளவு என்று உங்கள் தராசு சொல்லுமா? கை சொல்லும். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும்.

தராசுமுள்:
அரிசியை ஊறவைக்கும் முன்பு நிறுக்கச் சொல்கிறேன். உங்களுக்காகக் குவித்தும் நிறுத்தேன். 191.

பித்தளைப்படி:
மீதி 9 கிராம் கீழே கொட்டியிருக்கும். குவிக்கவும் கைப்பழக்கம் வேண்டும்.

எட்டிப்பார்த்தவன்:
கிண்ணத்தைப் பூஜ்யமாக்கினாரா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பித்தளைப்படி:
அது இரவல் தராசு, பக்கத்து வீட்டம்மா திரும்ப வாங்கிப் போய்விட்டார். நாளைக்கு வாங்கிக் குவித்து அளந்து படம் போடுகிறேன். 200.