கார் ஷெட் தரையில் எபாக்ஸி உரிகிறது, மேலே இன்னொரு கோட் அடிக்கலாமா?

கேள்வி:
4 அங்குல கான்கிரீட் தளம். போட்டு ஒன்றரை மாதம் கழித்து, ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு எபாக்ஸி (ரெசினும் ஹார்டனரும் கலந்து அடிக்கும் தரைப் பூச்சு) அடித்தார்கள். டயர் நிற்கும் இடத்தில் மட்டும் தகடு தகடாக உரிகிறது. அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் நிற்குமா?

பதில் 1:
நிற்காது. அடிக்கோட்டுக்கே பிடிப்பு இல்லை, மேல் கோட்டும் அதோடு சேர்ந்து உரியும்.

உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சாம்பல் நிறத்தில் சிமென்ட் மாவு ஒட்டியிருந்தால் தளத்தின் மேல்தோலே வலுவில்லை. கலவையில் தண்ணீர் கூடிப்போயிருக்கும், அல்லது மேலே ஊறி வந்த நீர் வற்றும் முன்பே கரணையால் தேய்த்திருப்பார்கள். ஈரத்தை இழுக்க சிமென்ட் தூவித் தேய்ப்பதும் இதே வினைதான். பின்பக்கம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் தளம் வழவழப்பாக இருந்திருக்கிறது, இல்லையேல் க்யூரிங் காம்பவுண்டோ (புதுக் கான்கிரீட்டின் ஈரம் போகாமலிருக்க மேலே அடிக்கும் பூச்சு) எண்ணெயோ இருந்திருக்கிறது.

ஓடி வந்த டயரின் சூட்டில் எபாக்ஸி இளகும், ஆறும்போது டயர் அதைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் முதலில் அங்கே உரிகிறது. மற்ற இடமும் உறுதி என்று நினைக்காதீர்கள்.

பதில் 2:
ஈரத்தையும் பாருங்கள். கான்கிரீட்டுக்கு எல்லோரும் சொல்லும் 28 நாள் என்பது வலுவுக்கான கணக்கு, காய்ந்ததற்கான கணக்கு அல்ல. 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை வெறும் கான்கிரீட்டில் நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ தரை கறுத்தாலோ சாதா எபாக்ஸி வேண்டாம். தளத்துக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரித்தார்களா என்று கேளுங்கள். விரிக்கவில்லை என்றால் ஈரம் வந்துகொண்டே இருக்கும், ஈரம் தாங்கும் எபாக்ஸி பிரைமர் தேவைப்படும்.

ஆசிட் இனி வேண்டாம். டைமண்ட் கிரைண்டரால் பழைய கோட்டிங், மேல்தோல் இரண்டையும் எடுத்து, வேக்குவம் போடுங்கள். கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்க வேண்டும். சொட்டு நீர் விட்டால் முத்தாக நிற்காமல் உறிஞ்ச வேண்டும். தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது, மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள்.

பதில் 3:
கலப்பதிலும் கவனம் தேவை. ரெசின், ஹார்டனர் இரண்டையும் டப்பாவில் போட்ட விகிதத்திலேயே, மெதுவாக ஓடும் மிக்ஸரில் 3 நிமிடம் கலக்கி, வேறு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். வாளியின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பது தரையில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். கலந்ததும் தரையில் ஊற்றிவிடுங்கள், வாளியிலேயே விட்டால் சூடேறி இறுகிவிடும்.

வெயில் ஏறும் நேரத்தில் அடித்தால் கான்கிரீட்டின் துளைகளில் உள்ள காற்று விரிந்து குமிழ் கிளப்பும். தளம் ஆறும் மாலைதான் நல்லது. வாசல் பக்கம் வெயில் படும் என்றால் மேல் கோட் அலிபாட்டிக் பாலியூரித்தேனாக (வெயிலில் மஞ்சளாகாத பூச்சு) இருக்கட்டும், வெறும் எபாக்ஸி மஞ்சளாகும். நடக்க ஒரு நாள் போதும், காரை ஒரு வாரம் வெளியே நிறுத்துங்கள்.