இரண்டாண்டுப் படிப்புக்கு ஆறு மாத விசா மட்டும்தானா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பில் வழங்கும் ஏபிஎஸ் சான்றிதழும் வந்துவிட்டது. சென்ற ஆண்டு அங்கே சென்ற என் தோழிக்கும் இரண்டாண்டுப் படிப்புதான் என்றாலும், அவருடைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட விசாவில் ஆறு மாதங்கள் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. மீதிக் காலத்துக்கு நடுவில் திரும்பி வந்து மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டுமா? நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாவதால், முதலில் சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டு, அங்கிருந்தபடியே அதை மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இதுவும் சரியான வழிதானா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

வாழ்த்துகள். சுற்றுலா விசாவில் போகும் எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா எந்த 180 நாட்களிலும் அதிகபட்சம் 90 நாட்கள் தங்குவதற்கானது. அதை ஜெர்மனிக்குள் இருந்துகொண்டு படிப்புக்கான அனுமதியாக மாற்ற முடியாது. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா போன்ற சில நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமலே நுழைந்து, அங்கேயே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் உறவினர் அப்படிப் போன ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ள நமக்கு அந்தச் சலுகை கிடையாது. புறப்படும் முன்பே நீண்ட காலம் தங்குவதற்கான, 'டி' வகை எனப்படும் தேசிய விசாவை வாங்கியாக வேண்டும்.

ஆறு மாதம் என்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அந்த விசா, நாட்டுக்குள் நுழைந்து மேற்கொண்டு ஆக வேண்டியவற்றைத் தொடங்குவதற்காகக் கொடுக்கப்படுவது. படிக்கும் காலம் முழுவதும் தங்குவதற்கான உரிமையைத் தருவது வதிவிட அனுமதி. அதை நீங்கள் குடியிருக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம் அட்டையாக வழங்கும். வீடு கிடைத்துக் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்யுங்கள். அதை ஆன்மெல்டுங் என்பார்கள். அந்தச் சான்று கையில் இல்லாவிட்டால் மற்ற வேலைகள் பலவும் நின்றுபோகும்.

விசா முடியும் நாளுக்கு முன்பே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். உரிய நேரத்தில் விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை சட்டப்படி தங்கியிருப்பவராகவே கருதப்படுவார்; அதற்குச் சான்றாக ஓர் இடைக்காலத் தாளும் தருவார்கள். ஒரு நாள் பிந்தினாலும் இந்தப் பாதுகாப்பை உறுதியாக எதிர்பார்க்க முடியாது.

மறுமொழி 2:

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் படித்த நகரத்தில் அந்த அலுவலகத்தில் முன்பதிவு கிடைக்கவே பல வாரங்கள் ஆயின. போய் இறங்கிய மாதத்திலேயே விண்ணப்பிக்காமல், பாடங்களில் மூழ்கி நான்கு மாதங்களைக் கடத்தியதால், கடைசி நாட்களைத் தூக்கமில்லாமல் கழித்தேன். அந்தத் தவறை நீங்களும் செய்துவிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பணம். விசாவுக்காக 'பிளாக்டு அக்கவுன்ட்' எனப்படும் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இருந்துவரும் தொகை இது. அங்கே சென்ற பிறகு மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். பலர் இதைக் கடன் வாங்கிப் புரட்டிக் கட்டிவிட்டு, இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அனுமதியை நீட்டிக்கும்போது செலவுக்கு வழி இருக்கிறதா என்று மறுபடியும் கேட்பார்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் மொழி தெரியாத முதல் பருவத்தில் வேலை கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டாம் ஆண்டுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை வீட்டாரோடு இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மறுமொழி 3:

மற்ற நாடுகளுக்குச் செல்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு நாட்டின் நடைமுறையை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். பிரான்சில் பெரும்பாலான மாணவர்களுக்குக் கிடைக்கும் நீண்டகால விசாவே வதிவிட அனுமதியாகவும் செல்லும். ஆனால் வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதை இணையவழியில் உறுதிப்படுத்த வேண்டும். இத்தாலியிலோ, நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசம்பர் விடுமுறையில் ஊருக்கு வந்து திரும்ப முடியுமா என்பது மட்டும் எஞ்சியிருக்கும் ஐயம்.

மறுமொழி 1:

விசா செல்லுபடியாகும் காலத்துக்குள், அதில் பலமுறை நுழையலாம் என்று குறித்திருந்தால், தாராளமாக வந்து திரும்பலாம். விசா முடிந்து அட்டை இன்னும் கைக்கு வராத இடைவெளியில் மட்டும், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.