மடைப்பள்ளியில் எனக்கு ஓர் அண்ணன்

கல்யாணச் சமையல்தான் எனக்குத் தொழில். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் முகூர்த்த நாள் வந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே ஒரு சொல்லைக் கேட்டால் அதற்குள் இன்னொரு சொல்லும் எனக்குக் கேட்டுவிடும். அதை வாய்விட்டுச் சொல்லி வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். வீட்டில் 'கோணல் புத்தி' என்றார்கள்.

19 வயதில் ஒருநாள், ஊர்ச் சிவன் கோயிலில் அபிஷேகத்துக்குப் பஞ்சாமிர்தம் பிசைந்துகொண்டிருந்தேன். பூவன் பழம், நன்றாகக் கனிந்தது. பிசையப் பிசைய விரலிடுக்கில் வழிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழய்யா, "தம்பி, அது பாம்புடா" என்றார். வெடுக்கென்று கையை இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்" என்று ஆரம்பித்தார்.

பாம்புக்கு விஷம், பழத்துக்கு நைந்துபோன பதம். இரண்டும் நஞ்சுதான். பாம்பு சட்டை உரிக்கும், பழத்தை நாம் உரிக்கிறோம். சிவன் தலையில் பாம்பும் உண்டு, அபிஷேகப் பழமும் உண்டு. அந்த நஞ்சு அப்போது என் பத்து விரலிலும் ஒட்டியிருந்தது.

"யார் ஐயா பாடினது?"

"காளமேகம். உன்னை மாதிரி அடுப்படி ஆள்தான்."

15-ஆம் நூற்றாண்டுக்காரர். இயற்பெயர் வரதன். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், திருவானைக்காவில் மோகனாங்கி என்ற பெண்மேல் ஆசைப்பட்டுச் சைவரானார் என்று கதை. அகிலாண்டேஸ்வரி அவர் வாயில் தாம்பூலச் சாற்றை உமிழ்ந்த பிறகுதான் மழை மாதிரி கவி பொழிந்தாராம். தமிழய்யா சொல்லி முடிப்பதற்குள் அவர் எனக்கு வரதண்ணன் ஆகிவிட்டார்.

அவர் பாட்டுகளில் எனக்கு உயிர், நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்தைப் பற்றியதுதான். பொழுது சாயும்போது அரிசி வரும். குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடும். எல்லோரும் இதைக் கிண்டல் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அரிசி, உலை, இலை என்று இரவை அளக்க, உலைமுன் நின்றவனால்தான் முடியும்.

அப்புறம் காத்தான் வருத்தப்பட்டு வந்து நின்றாராம். வரதண்ணன் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, பொருளை மட்டும் மாற்றினார். எங்கும் பஞ்சம் வந்த காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையில் போட்டால் ஊர்ப் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு வெள்ளியே நாணி எழும். அடித்த வார்த்தையாலேயே அணைத்துக்கொண்டார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்!

இரண்டு வருஷம் முன்பு நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். அரிசி வண்டி தாமதம், இரவுப் பந்தி தள்ளிக்கொண்டே போனது. கடைசிப் பந்தியில் 80 வயதிருக்கும் ஒரு பெரியவர் வெற்று இலைமுன் காத்திருந்தார். முதல் கரண்டிச் சோற்றை நானே கொண்டுபோய்ப் போட்டேன். அவர் ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "வெள்ளி எழும்" என்றார்.

"நாணி எழும், தாத்தா" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். ரசம் வரும்வரை விடவே இல்லை.