மறு: குடல் நீடழற்சி – சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம். ஐபிடி (IBD, inflammatory bowel disease) என்ற குடல் நோய்க்குத் தமிழில் ‘குடல் நீடழற்சி’ என்று முன்மொழிந்திருந்தேன். அதற்கு ஒருவர் எழுதிய பதில் இது:

> “குடல்புண் நோய்” என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். சேலத்தில் எந்த மருந்துக்கடையில் குடல்புண் என்று சொன்னாலும் அல்சர் என்று எடுத்துக்கொண்டு அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தருவார்கள். ஏற்காட்டில் இருக்கும் என் சித்தி மகளுக்கு அதுதான் நடந்தது. முதலில் அல்சர் மாத்திரை, அப்புறம் சீதபேதிக்கு மருந்து. மலத்தில் ரத்தமும் சளியும் நிற்கவே இல்லை. சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அவசரத்தை அடக்கிக்கொண்டே கடந்திருக்கிறாள். கடைசியில் கொலோனோஸ்கோப்பி செய்து (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்த்து), சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகுதான் ஐபிடி என்றார்கள். அதற்குத் தமிழில் என்ன என்று சித்தி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இந்தச் சொல்லில் நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

வெறும் ‘குடல் அழற்சி’ போதாதா? போதாது. கெட்டுப்போன சாப்பாட்டால் வந்து இரண்டு நாளில் போகும் கழிச்சலிலும் குடல் அழலத்தான் செய்கிறது. ஐபிடி அப்படிப் போவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறிக் குடலைப் புண்ணாக்குகிறது. அடங்குவதும் கிளம்புவதுமாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஆகவே நீடு + அழற்சி, ‘குடல் நீடழற்சி’ என்கிறேன். பேச்சில் ‘நீடித்த குடலழற்சி’ என்று விரித்துச் சொன்னாலும் பொருள் மாறாது.

இன்னொரு சிக்கல் ஐபிஎஸ் (IBS, irritable bowel syndrome) என்ற வேறொரு குடல் கோளாறு. அதை ‘எரிச்சல் குடல்’ என்று எழுதுகிறோம். அழலும் நெருப்பு, எரிச்சலும் நெருப்பு. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் ஐபிஎஸ்ஸில் வலியும் கழிச்சலும் மலச்சிக்கலும் இருந்தாலும் குடலில் அழற்சியோ புண்ணோ இருக்காது. அதில் கெடுவது குடலின் அசைவும் உணர்வும். அதற்கு ‘குடல் இயக்கக் கோளாறு’ என்று போட்டு, நெருப்பை ஐபிடிக்கே விட்டுவிடலாம்.

இனி ஐபிடியின் உள்வகைகளுக்கு வருகிறேன். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலில் இடைவெளி விடாமல் மேலேறும், உள்தோலோடு நிற்கும். ‘பெருங்குடல் புண்ணழற்சி’ அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். ஓரிடத்தில் புண், அடுத்த இடம் நன்றாக, மறுபடி புண் என்று விட்டுவிட்டு வரும். குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கும். ‘தாவழற்சி’ என்று ஒருவர் சொன்னது அழகான சொல். இருந்தாலும் 1932-இல் நியூயார்க்கில் இருவருடன் சேர்ந்து இந்த நோயை விவரித்த பர்ரில் குரோன் பெயரால்தான் உலகம் முழுக்க அழைக்கிறார்கள். மருத்துவச் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். நோயாளி அதைத் தமிழிலும் அடையாளம் காண வேண்டும். ‘குரோன் நோய்’ என்றே இருக்கட்டும். இந்த இரண்டில் எது என்று உறுதி சொல்ல முடியாத சிலருக்கு ‘வகைப்படா நீடழற்சி’.

குரோன் நோய் பற்றிய குறிப்பில் குடல் காசநோயையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வரும். காசநோயைக் குரோன் என்று நினைத்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்தால் அது பரவிவிடும். நம் ஊர் மருத்துவர்கள் முதலில் டிபி இல்லை என்று பார்ப்பது அதற்காகத்தான்.

நோய் அடங்கியிருக்கும் காலமான ரெமிஷனுக்குக் ‘குணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நீறு பூத்த நெருப்பு அது. அழலுக்குப் பொருந்தத் ‘தணிவு’ என்போம், மீண்டும் கிளம்புவதைச் ‘சீற்றம்’ என்போம். தங்கச்சிக்கு இப்போது தணிவுதான். மாத்திரை தொடர்கிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஃபிஸ்டுலா, அதாவது புண் துளைத்து உண்டாகும் தவறான வழிக்கான சொல். ‘பவுத்திரம்’ என்றால் ஆசனவாய்ப் பக்கம் வருவது மட்டும்தான் மக்கள் நினைவுக்கு வரும். குரோன் நோயிலோ குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில்கூட வழி திறந்துகொள்ளும். புரையோடுதல் என்ற சொல் வழக்கில் இருப்பதால் ‘புரைவழி’ சரிவருமா? அறுவை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.