கெட்டியான இத்தாலியன் ஹாட் சாக்லேட்: கார்ன்ஃப்ளார் போடலாமா, கூடாதா?

மழைத்தூறல்:
போன குளிர்காலம் இத்தாலியில டூரின்ல மூணு நாள் இருந்தேன். ஒரு சாயங்காலம் சின்ன கஃபே ஒண்ணுல ‘சொக்கொலாத்தா கால்தா’, அதான் அவங்க ஹாட் சாக்லேட், வாங்கினேன். கோப்பையைச் சாய்ச்சா மெதுவா நகருது, அவ்வளவு கெட்டி. கரண்டியால எடுத்துத்தான் சாப்பிட்டேன். மேல சர்க்கரை போடாத க்ரீம். அந்த ருசி இன்னும் நாக்குலயே நிக்குது.

வீட்டுல பண்ணிப் பார்த்தேன். அரை லிட்டர் பால், 70 சதவீத டார்க் சாக்லேட் 100 கிராம், கார்ன்ஃப்ளார் கோபுரமா ரெண்டு மேசைக்கரண்டி. சூடான பால்லயே மாவைத் தூவிக் கலக்கினேன், அங்கங்கே கட்டி தட்டிடுச்சு. லேசா கெட்டியானதும் இறக்கிட்டேன். வாயில வச்சா மாவோட பச்சை வாசனை. பத்து நிமிஷத்துல கரண்டி குத்தி நிக்கிற அளவுக்கு இறுகிடுச்சு. நண்பர் ஒருத்தர், ‘நல்ல ஹாட் சாக்லேட்ல மாவே கிடையாது’ன்னு அடிச்சுச் சொல்றார். யார் சொல்றது சரி?

கசப்பு70:
உங்கள் நண்பர் சொல்வதே சரி. மாவு சாக்லேட்டின் ருசியை மூடிவிடும். கெட்டித்தன்மை வேண்டுமானால் சாக்லேட்டைக் கூட்டுங்கள்: 250 மில்லி பாலுக்கு 150 கிராம். பாலைச் சூடாக்கி இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டில் மூன்று தடவையாக ஊற்றி நடுவிலிருந்து கலக்கினால் பளபளவென்று சேர்ந்து வரும்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெடிச்சியின் அரண்மனை மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி. அவருடைய மல்லிகைச் சாக்லேட் பெயர் பெற்றது. கொக்கோவையும் புது மல்லிகைப் பூவையும் அடுக்கடுக்காக வைத்து, பூவை நாள்தோறும் மாற்றி மணம் ஏற்றுவார்கள். சர்க்கரை, வனிலா, பட்டை எல்லாம் உண்டு. மாவு இல்லை.

அடிகனம்:
பதினோரு வருஷமா, டூரின் இருக்கிற பியெமோந்தே மாநிலத்துல இருக்கேன். இங்க வீட்டுல பண்றவங்க பெரும்பாலும் ஸ்டார்ச், அதான் மாவுச்சத்து, சேர்த்துத்தான் பண்றாங்க. கார்ன்ஃப்ளார், இல்லேன்னா ‘ஃபேக்கொலா’ன்னு சொல்ற உருளைக்கிழங்கு ஸ்டார்ச். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா அதுலயும் ஸ்டார்ச் போட்டிருக்கும்.

மழைத்தூறல், நீங்க மாவு போட்டது தப்பில்லை. அளவு ஜாஸ்தி, வெந்தது கம்மி. கார்ன்ஃப்ளார் 65 டிகிரி வாக்குலதான் உப்ப ஆரம்பிக்கும், 95 டிகிரியை நெருங்கும்போதுதான் முழுசா வெந்து கெட்டிப்படும். நீங்க நடுவுலயே இறக்கிட்டீங்க, அதான் பச்சை வாசனை. வேகாத மாவு சீக்கிரம் கெட்டியாகலையேன்னு இன்னும் ரெண்டு கரண்டி போடத் தோணும். அது ஆறும்போது மொத்தமா இறுகிடும்.

நான் பண்றது இப்படி. அடிகனமான பாத்திரத்துல கொக்கோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ரெண்டு, கார்ன்ஃப்ளார் 12 கிராம், எல்லாத்தையும் உலர்வாவே கலந்துக்குவேன். அரை லிட்டர் பால்ல கால் டம்ளர் எடுத்து, ஃபிரிட்ஜ்ல இருந்த சில்லிப்போடவே ஊற்றிக் குழைச்சிடுவேன். கட்டி இல்லைன்னு விரலால தொட்டுப் பார்த்த அப்புறம்தான் மீதிப் பால், அப்புறம்தான் அடுப்பு. விஸ்க் (கம்பிக் கலக்கி) கையை விட்டு இறங்கவே கூடாது, குறிப்பா பாத்திரத்தோட ஓரம், மூலை. முதல்ல தண்ணியா ஓடும். திடீர்னு விஸ்க் போன தடம் ஒரு நொடி மூடாம நிக்கும். அப்பதான் நிறைய பேர் இறக்கிடுவாங்க. இறக்காதீங்க. பளக் பளக்னு ரெண்டு மூணு குமிழி வெடிக்கட்டும், தீயைக் குறைச்சு இன்னும் ஒரு நிமிஷம் கிளறுங்க. அடுப்பை அணைச்ச பிறகு 100 கிராம் சாக்லேட்டை உடைச்சுப் போடுங்க. அந்தச் சூட்டிலேயே கரையும்.

கசப்பு70:
சகோதரி, ஊரே செய்வதால் அது சிறந்ததாகிவிடாது. மாவு வேலையைக் குறைக்கும், செலவைக் குறைக்கும். ஆனால் சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெய் தரும் வழவழப்பு அதில் வராது. அது 34 டிகிரியை ஒட்டி உருகும், அதாவது நம் வாயின் சூட்டில். அந்த உருகலை மாவு தராது.

அடிகனம்:
அந்த உருகல் அருமைதான், அதை மறுக்கலை. ஆனா நீங்க சொல்ற கெட்டி சூடு இறங்கின பிறகுதான் வரும். சூடா இருக்கும்போது கொழுப்பு எல்லாம் உருகித்தானே இருக்கும்? கொதிக்கக் கொதிக்க வர்ற கோப்பைலயே கரண்டியில நிக்கணும்னுதான் அவங்க கேக்கறாங்க. அதோட 150 கிராம் டார்க் சாக்லேட்ல சுமார் 60 கிராம் கொழுப்பு. ரெண்டு பேருக்கு அது பாரம்.

இன்னொண்ணு, கொக்கோ விதைக்குள்ளேயே ஸ்டார்ச் இருக்கு. கொக்கோ பவுடரைப் பால்ல நல்லா கொதிக்க வச்சா கொஞ்சம் கெட்டியாகுறது அதனாலயும்தான். நீங்க சொன்ன மருத்துவர் ரெடி காலத்துக்கும் ரொம்ப முன்னாடி, மெக்ஸிகோவில் மக்காச்சோள மாவோட கொக்கோவைக் கலந்து குடிச்சிருக்காங்க. ‘சம்புர்ராதோ’ங்கிற பேர்ல இன்னிக்கும் குடிக்கிறாங்க. சாக்லேட்டுக்கு மாவு ஒட்டாத உறவு இல்லை.

நடுக்கரண்டி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு பேரும் கார்ன்ஃப்ளாரை வச்சே பேசறீங்க. உருளைக்கிழங்கு ஸ்டார்ச் வேற குணம். குறைஞ்ச சூட்டுலயே வேகும், மாவு வாசனை அவ்வளவா தெரியாது, பளபளப்பு ஜாஸ்தி. ஆனா ரொம்ப நேரம் கொதிக்க விட்டாலோ முரட்டுத்தனமா கலக்கினாலோ நீர்த்துப் போயிடும். கெட்டியான உடனே இறக்கிடணும்.

ருசி பார்த்த கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துல விடாதீங்க. எச்சில்ல இருக்கிற அமிலேஸ்ங்கிற நொதி ஸ்டார்ச்சை உடைச்சிடும், மிச்சம் வச்சது கொஞ்ச நேரத்துல தண்ணியாயிடும். எனக்கு இது நடந்து, ரொம்ப நாள் காரணம் புரியாம பாலைக் குறை சொல்லிட்டிருந்தேன்.

டூரின்ல பிச்செரினும் குடிச்சிருப்பீங்களே? கொன்சொலாத்தா கோயிலுக்கு எதிர்ல 1763 முதல் இருக்கிற கடைதான் அதுக்குப் பேர் போனது. அது காபி, சாக்லேட், க்ரீம் மூணும் கண்ணாடி டம்ளர்ல அடுக்கா வர்றது. இதோட சேர்த்துக் குழப்பிக்காதீங்க.

மழைத்தூறல்:
பிச்செரின் குடிச்சேன், அது இளக்கமா இருந்துச்சு. நான் தேடறது இது இல்லை.

கசப்பு70:
கொக்கோவுக்குள்ளேயே ஸ்டார்ச் உண்டு என்பதை நான் யோசித்ததே இல்லை. அதனால் நேற்று இரண்டு பாத்திரம் வைத்தேன். ஒன்றில் என் முறை. மற்றதில் அரை லிட்டர் பால், 120 கிராம் சாக்லேட், 6 கிராம் உருளைக்கிழங்கு ஸ்டார்ச். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்தேன். ருசியில் எது என்று முதல் வாயில் எனக்கே தெரியவில்லை. மாவு ருசியை மூடும் என்று நான் சொன்னது 6 கிராமுக்குப் பொருந்தாது. மழைத்தூறல் கோபுரமாகப் போட்ட இரண்டு கரண்டிக்கு, ஏறக்குறைய 25 கிராமுக்கு, பொருந்தும். சூடாகக் கெட்டியாக நின்றதும் மாவு சேர்த்ததுதான்.

ஆனால் ஆறிய பிறகு என் கோப்பை நாக்கில் உருகியது, மற்றது வெறுமனே வழுக்கிப் போனது. அந்த இடத்தில் நான் மாறவில்லை.

அடிகனம்:
ஆறின பிறகு உங்களுதுதான் மேல். ஒத்துக்கறேன்.

மழைத்தூறல்:
பண்ணிட்டேன். அடிகனம் அக்கா சொன்ன மாதிரி குளிர்ந்த பால்ல குழைச்சேன், கார்ன்ஃப்ளார் 12 கிராம், சாக்லேட் 120. விஸ்க் தடம் நிக்க ஆரம்பிச்சதும் இறக்கக் கை துறுதுறுத்துச்சு. இறக்காம குமிழி வெடிக்கிற வரைக்கும் கிளறினேன். பச்சை வாசனை துளிகூட இல்லை. கரண்டியைக் கவிழ்த்தா சொட்டாம நாடாவா இறங்குச்சு. ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் சாக்லேட் வாசனை தூக்கிக் கொடுத்துச்சு.

மிச்சத்தை ஃபிரிட்ஜ்ல வச்சேன், காலையில புட்டிங் மாதிரி இறுகியிருந்துச்சு. திரும்பச் சூடு பண்ணலாமா?

நடுக்கரண்டி:
தாராளமா. ரெண்டு மூணு கரண்டி பால் விட்டு முதல்ல குளிர்ச்சியாவே குழைச்சுட்டு, அப்புறம் சின்னத் தீயில வைங்க. மேல ஆடை படிஞ்சிருந்தா முதல்ல எடுத்துடுங்க, அது கரையாது, திப்பி திப்பியா நிக்கும். அடுத்த தடவை ஃபிரிட்ஜ்ல வைக்கும்போது பட்டர் பேப்பரை மேல்பரப்புல ஒட்டின மாதிரி மூடி வச்சா ஆடையே படியாது.