வேடியப்பன், கோவிவன், ஒரு சுமைதாங்கி: வழியில் பார்த்த கற்கள்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் பக்கம் போகிறவர்கள் சாலையோர மரத்தடிகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த பலகைக்கல் எங்காவது கண்ணில் படும். வேடியப்பன் என்பார்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள் என்று இருந்தால் அது பெரும்பாலும் நடுகல்தான். மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவனுக்கு எடுத்த கல்.

அப்படி ஒரு கல்லின் முன்னால் நின்றபோது ஆடு ஓட்டி வந்த ஒரு ஆயா, "செருப்பக் கழட்டிட்டுக் கிட்டப் போப்பா" என்றார். இவர் யார் ஆயா என்று கேட்டேன். "எங்க வேடியப்பன்பா. மாட்ட ஓட்டிட்டுப் போனவனுங்கள மறிச்சு இங்கியே உயிர விட்டாரு. மாடு கன்னு போட்டா மொதப் பாலு இவருக்குத்தான்." கல்லின் மேல்பக்கம் எழுத்து இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு வரிகூடத் தெரியவில்லை. ஆனால் அந்த வட்டாரக் கல்வெட்டுகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வருவது அந்த ஆயா சொன்ன அதே சேதிதான்: தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மந்தை, பட்டான் என்றால் இறந்தான். எழுத்து மறைந்த பிறகும் கதை ஊரார் வாயில் நிற்கிறது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது அதே மாவட்டத்து எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதற்கும் தனியாக ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று. பல்லவ அரசனின் பெயர் அங்கே ஆண்டைச் சொல்லத்தான் வருகிறது. கல் எடுத்தது கருந்தேவக்கத்திக்கும் அவன் நாய்க்கும். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைக் கோழிக்கே கல் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகு, வரலாறு என்றால் ராஜாக்கள் கதை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

*

நடுகல் அளவுக்குப் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் அப்படியே சுமையை இறக்கி வைக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். உயரம் அதற்குத் தகுந்தபடி இருக்கும்.

எங்கள் ஊர்ச் சாலை முனையில் ஒன்று இருந்தது. பிள்ளை பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக வைத்தது என்று என் அத்தை சொல்வார். பல ஊர்களில் சுமைதாங்கிக்குப் பின்னால் இந்தக் காரணம்தான் இருக்கும். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழியில் போகிறவர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று. சாலையை அகலப்படுத்தியபோது பொக்லைன் வைத்து அதைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களிடம் கேட்டால், "பழைய கல்லுங்க, யாருக்கு வேணும்" என்றார்கள். ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து டிராக்டர் பிடித்து அதைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய் நட்டு வைத்தார்கள். இப்போது யாரும் தலைச்சுமையோடு வருவதில்லைதான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே அடையாளம் அது. அவள் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.

*

சுமைதாங்கி என்றதும் அதியமான் பெருவழிக் கல் நினைவுக்கு வருகிறது, பழைய நெடுஞ்சாலை ஒன்றில் தூரம் சொல்ல நட்ட கல். தர்மபுரி வட்டாரத்தில் கிடைத்தது, 13ஆம் நூற்றாண்டு. நாவற்றாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று வெட்டியிருக்கிறது. காதம் என்பது பழைய தூர அளவு. அதோடு விடவில்லை. பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி வெட்டியிருக்கிறார்கள். எழுத்து தெரியாத வண்டிக்காரரும் குழியை எண்ணித் தூரம் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். நேரில் பார்த்தபோது அந்தக் குழிகளை விட்டுக் கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பாதுகாப்பு என்று பார்த்தால் நல்லதுதான். ஆனால் என் கருத்து, கும்பிடுகிற கல்லை அந்த இடத்திலேயே விட வேண்டும். பெயர்த்து எடுத்தால் கல் பிழைக்கும், முதல் பால் கொண்டுவரும் ஆயாவின் கதை பிழைக்காது.

அப்புறம், படம் எடுக்கிறவர்களுக்கு. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள். இருட்டிவிட்டால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். சாக்பீஸ், மாவு எதையும் எழுத்தின் மேல் தேய்க்காதீர்கள். ஊர், வட்டம், பக்கத்தில் என்ன ஏரி, என்ன கோயில் என்று குறித்துக்கொண்டு மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ஊரார் சொல்லும் கதையை அவர்கள் பேச்சிலேயே செல்பேசியில் பதிவு செய்யுங்கள், சொல்கிறவர் சம்மதத்தோடு.