பெரியவீட்டுச் சொந்தங்கள்

விக்கி: 📷 படம்
இங்க மெக்சிகோவுல, தியோத்திவாகான் பிரமிடு பக்கம் சோளக்கொல்லை உழுறப்போ கிடைச்சதுன்னு ஒருத்தர் கொடுத்தார். பச்சைக் கல். இது என்னது? அண்ணன் கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டு வரட்டுமா? சனிக்கிழமை ஃப்ளைட்

அம்மா: சாப்டியா கண்ணு

சரசு அத்தை: கூரா இருக்கே. புது வீட்டுக்குள்ள ஆகாது

கணேசன் சித்தப்பா: நீளம் எவ்வளவு? வெளிச்சத்துல பிடிச்சு ஒரு படம் போடு

விக்கி: 7 செ.மீ. 📷 படம்

முருகன்: அம்புதானே

கணேசன் சித்தப்பா: அம்பு இல்லடா. இது அப்சிடியன், எரிமலைக் கண்ணாடி. பச்சையில தங்க மினுக்கம் வருது பார், அது பச்சூகா பக்கத்து மலைக் கல். அந்தக் காலத்துத் தியோத்திவாகான்காரங்க அதை மூட்டை மூட்டையா இறக்கினவங்க. சாம்பல் நிறக் கல் ஒத்தும்பாவுல இருந்து வரும். இனி வடிவத்துக்கு வா. பழைய கல்முனைகள்ல கிளாவிஸ் வகைன்னா அடியிலிருந்து நடுவுல ஒரு வாய்க்கால் ஓடும். லெர்மா வகை இலை மாதிரி, காம்பே இருக்காது. உன்னுதுல ரெண்டு பக்கமும் தோள், கீழே காம்பு. அம்புக்கு இது கனம். அட்லாட்ல்னு ஒரு எறிகோல், அதுல வச்சு வீசற ஈட்டிக்கு மாட்டுற முனை. அந்தப் பக்கம் வில்லே ரொம்பப் பின்னாடிதான் வந்தது

முருகன்: 🙏 சுருக்கமா சித்தப்பா

மாலா அண்ணி: சமையல்காரர் கேக்கறார், 350 இலையா 400ஆ?

விக்கி: ஆனா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு

கணேசன் சித்தப்பா: அதான் எனக்கும் இடிக்குது. நூற்றாண்டுக் கணக்கா மண்ணுல கிடந்தா ஈரம் ஏறி மேல்பக்கம் மங்கியிருக்கலாம். பிரமிடு வாசல்ல விக்கறதுக்கு இன்னைக்கும் செதுக்குறாங்க. காம்போரக் குழியில மண் இறுகியிருக்கா பாரு. கழுவித் தொலைக்காதே

விக்கி: சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்

முருகன்: 😂😂

கணேசன் சித்தப்பா: நிஜம்னா இன்னும் தொல்லை. 1972 சட்டப்படி ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முந்தின பொருள் எல்லாம் மெக்சிகோ நாட்டுச் சொத்து. வெளியே எடுத்துட்டு வரக்கூடாது

அம்மா: போலீஸ் பிடிக்குமா?? கல்லும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்

சரசு அத்தை: கல்லுன்னதும் ஞாபகம் வருது, பாகம் பிரிச்சப்போ எங்கம்மா அம்மி எங்க போச்சுன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லல

கணேசன் சித்தப்பா: அக்கா, இப்ப அது எதுக்கு

சரசு அத்தை: கேட்டேன். அவ்வளவுதான்

விக்கி: இங்க தொல்லியல் துறை ஆபீஸ்ல காட்டலாம்னு பார்க்குறேன். வெள்ளிக்கிழமை திறந்திருந்தா

முருகன்: பொய்க்கல்லுன்னா எனக்கு

மாலா அண்ணி: இலை எத்தனைன்னு யாராவது சொல்லுங்களேன்

சரசு அத்தை: 400 சொல்லு. அம்மி வச்சிருக்கறவங்களும் வருவாங்கல்ல